ஒரு சாவிக்கு மூன்று வீடு

அன்று கம்பெனியில் மெஷின் பழுது. மதியமே எங்களைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மதகடிப்பட்டிலிருந்து வண்டியில் வந்து, வில்லியனூர் ஓரத்தில் இருக்கும் எங்கள் நகரில் இறங்கும்போது மணி மூன்று இருக்கும். மனைவி தையல் வேலைக்குப் போயிருந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் நாலேகாலுக்குத்தான் வருவாள். வீட்டில் ஒருவரும் இருக்கக் கூடாத நேரம்.

சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே சமையற்கட்டில் யாரோ நடந்தார்கள்.

கதை கேட்கும் பிள்ளைகளே, பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குள் ஆள் நடக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம்.

வெளியே வந்தது பக்கத்து வீட்டு அக்கா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னாபா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற? மோட்டார போட்டுட்டுப் போயிருக்கா ஒம் பொண்டாட்டி. டேங்க் ரொம்பித் தெருவெல்லாம் தண்ணி. அதான் ஆஃப் பண்ண வந்தேன்."

"எப்படிக்கா உள்ள வந்தீங்க?"

"என் சாவிலதான்."

"உங்க சாவியா?"

"ஒனக்குத் தெரியாதா? என் சாவி உன் வூட்டுக்கும் சேரும். பொங்கலுக்கு முன்னாடியே ஒருநாளு மறதியா உன் வூட்ட என் வூடுன்னு தொறந்துட்டேன். உள்ள வந்து பாத்தா, டிவி எடம் மாறியிருக்கு!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீங்க தப்பா நெனப்பீங்கன்னுதான். இப்ப நெனக்கிறியே, அந்த மாதிரி."

எங்கள் வரிசையில் ஐந்து வீடு. ஒரே ஆள் கட்டி விற்றது. ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி பூட்டு. ஒரே மாதிரி என்பதை அதுவரை அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மேல் எனக்குப் பயமில்லை. அவர் சாவி சேர்ந்தால் வேறு யார் யார் சாவி சேரும் என்பதுதான் பயம். கடைசி வீடு வாடகை வீடு. குடியிருந்தவரைக் கூப்பிட்டு, அவர் சாவியை எங்கள் கதவில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு சுற்று, 'டக்'. திறந்துகொண்டது. அவரே பயந்து சாவியை வெளியே இழுத்துவிட்டார்.

அந்த வீட்டில் இதற்குள் நாலு குடும்பம் வந்து போய்விட்டது. யார் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், யார் இன்னொன்று போட்டு வைத்திருக்கிறார்கள், யாருக்குத் தெரியும்? என் மகள் தினமும் நாலேகாலிலிருந்து ஆறு வரை உள்ளே தனியாக இருக்கிறாள். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. "உள்ளே போனதும் பூட்டிக்கோம்மா" என்று சொல்லிச் சொல்லி அனுப்பியவன் நான்தான்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். "இன்னைக்கே மாத்துங்க" என்றாள். யாரை வைத்து மாற்றுவது? கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த பூட்டுக்காரர் நம்பருக்குப் போன் போட்டேன். எந்த ஊர் ஆள் என்று கேட்டால் பதில் இல்லை. வீட்டில் எத்தனை பேர், எப்போது இருப்போம் என்று அவர் என்னைக் கேட்டார். வைத்துவிட்டேன். கடைசியில் ஆணி, பெயின்ட் வாங்கும் கடைக்காரர்தான், பாகூர் பக்கத்திலிருந்து வருகிற ஒருவரைச் சொன்னார். "என் வூட்டுப் பூட்டே அவரு மாட்டினதுதான்" என்றார்.

மறுநாள் காலை அவர் மொபட்டில் வந்தார். பையைக் கீழே வைக்கும் முன்பே, "கரண்ட் பில் காட்டுங்க சார்" என்றார்.

"என் வூடுதாங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க." பில்லைப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற அக்காவிடம் கேட்டார்: "ஏம்மா, இவரு இந்த வூட்டுக்காரருதானா?"

"நேத்து வரைக்கும் தெரிஞ்ச ஆளுதான். இன்னைக்கு என்னத் திருடியாக்கிப் பூட்டு மாத்துறாரு. யாருன்னு எனக்கே ரோசனையா இருக்கு."

"அப்ப வூட்டுக்காரருதான்" என்று சொல்லிப் பூட்டுக்காரர் வேலையை ஆரம்பித்தார்.

பழைய பூட்டைக் கழற்றி, புதியதை மாட்டினார். சாவிப் பொட்டலத்தை அவர் பிரிக்கவில்லை. என் மனைவியிடம் கொடுத்துக் கிழிக்கச் சொன்னார். முடிந்தது என்று நினைத்தேன். அவர், "வரிசையில எல்லாரும் சாவிய எடுத்துட்டு வாங்க" என்றார்.

"எதுக்குங்க?"

"டப்பால எழுதியிருக்கிறத நான் நம்ப மாட்டேன் சார். போட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்."

எல்லோரும் வந்தார்கள். ஒருவர் சாவி உள்ளேயே போகவில்லை. கடைசி வீட்டுச் சாவி பாதியில் நின்றது. அக்கா கடைசியாக வந்தார். அழுத்தினார், திருகினார். திரும்பவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். என் மகள் பக்கத்தில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம், நல்ல பூட்டுதான். இனிமே நீங்களாச்சு, உங்க தண்ணியாச்சு" என்று அக்கா கிளம்பினார்.

"யம்மா, நில்லு" என்றார் பூட்டுக்காரர். "உன் பூட்டும் இதே பூட்டுதானே?"

"ஆமா. அதுக்கு?"

பூட்டுக்காரர் கீழே கிடந்த எங்கள் பழைய சாவியை எடுத்தார். "உன் கதவுல போடட்டா?"

"போடேன். என் சாவிதானே அவங்க வூட்டத் தொறக்கும்?"

அவர் போய் அக்காவின் கதவைப் பூட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் சாவியைச் செருகித் திருப்பினார். கதவு உள்ளே போனது. சுவரில் மாட்டியிருந்த சாமி படம் வரை எங்களுக்குத் தெரிந்தது.

அக்கா ஓடிப்போய்த் தன் கதவை இழுத்துச் சாத்தினார். அவர் சாவி எங்கள் வீட்டைத் திறக்கும் என்று இத்தனை மாதமாகத் தெரிந்தவர். எங்கள் சாவி அவர் வீட்டைத் திறக்கும் என்று அவருக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. அதைச் சொல்வானேன், எனக்கும்தான் தோன்றவில்லை.

மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீ எப்பனா என் வூட்டத் தொறந்தியா?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"புள்ள மேல சத்தியமாக்கா."

என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பூட்டுக்காரரிடம், "அண்ணே, இன்னொரு பூட்டு இருக்கா? இப்பவே மாட்டிடு" என்றார்.

அவர் வேலை முடித்ததும், அக்கா பொட்டலத்தைத் தானே கிழித்தார். எங்கள் புதுச் சாவியைக் கேட்டு வாங்கித் தன் கதவில் போட்டுத் திருகிப் பார்த்தார். திரும்பவில்லை. அதன் பிறகுதான் என் மகளைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, "நீ பயப்படாம இருடி" என்றார்.