ஃப்ரீசர் பெட்டிக்கு ஒரு வெப்சைட்

வெப்சைட் செய்கிற தொழிலில், செய்வதைவிட எதை வைத்துச் செய்வது என்ற சண்டைதான் பெரிய வேலை. அந்தச் சண்டையில் மண்டை காய்ந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

சுற்றுகிற வட்டம்

சமயநல்லூர் தவமணி அண்ணன் பந்தல் போடுவார், நாற்காலி தருவார், சாவு வீடுகளுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுவார். அவருக்கு வெப்சைட் வேண்டும். என் பார்ட்னர் சரவணன் அப்போதுதான் வெப்சைட் கட்டுகிற ரெடிமேட் சட்டகமான ஃபிரேம்வொர்க் ஒன்றைப் புதுசாகப் படித்திருந்தான். அதில்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்று செய்தான். எங்கள் மதுரை ஆபீசில் சைட் பறந்தது.

அண்ணன் பேரையூரில் இருக்கும் மச்சினனுக்குப் போன் போட்டு, "மாப்ள, தொறந்து பாருங்க" என்றார். அங்கே சிக்னல் ஒரு கோடு. அந்த ஃபிரேம்வொர்க்கின் மொத்தப் புரோகிராமும் போனுக்குள் இறங்கினால்தான் பக்கமே தெரியும். அதுவரை வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். "பெட்டியில படுக்குறவருக்கு அவசரமே இல்ல தம்பி. பெட்டி கேக்குறவுகளுக்குத்தான் அவசரம்."

கலர்க் காகிதம்

சரவணன் அசரவில்லை. சைட்டின் எடையைக் குறைத்துக் கொஞ்சம் வேகமாக்கினான். ஆனால் அவன் எடுத்திருந்த ரெடிமேட் டெம்ப்ளேட் கல்யாண மண்டபத்துக்கானது. முதல் புக்கிங், அப்பாவை இழந்த ஒரு வாத்தியார். பட்டனை அழுத்தியதும் திரை முழுக்கக் கலர்க் காகிதம் பறந்து, "வாழ்த்துகள்! மீண்டும் வருக!" என்று வந்தது.

மன்னிப்புக் கேட்கத் துக்க வீட்டுக்கு நான்தான் போனேன். அடி நிச்சயம் என்று ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. வாத்தியார் போனை என் முன்னால் நீட்டி, ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "மீண்டும் வருகன்னா, எங்க வீட்டுல அடுத்து யாரைச் சொல்றீக?"

வெறும் எழுத்து

பயத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நானே ஒரு பக்கம் எழுதினேன். பெயர், ஊர், போன் நம்பர், ஒரு படிவம். பேரையூரிலும் தொட்டதும் திறந்தது. அண்ணன் முகம்தான் வாடிப்போனது. "என்ன தம்பி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மாதிரி இருக்கு?"

பேரையூர் புக்கிங்

அந்தப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே கட்டினேன். எழுத்து முதலில் வரும்; போனுக்குத் தெம்பிருந்தால் படம் வரும்; இன்னும் தெம்பிருந்தால், பெட்டி காலியாக இருக்கிறதா என்று அங்கேயே காட்டும். இதற்குப் புரோகிரசிவ் என்ஹான்ஸ்மென்ட் என்று பேர் என்றேன். தன் ஃபிரேம்வொர்க்கைத் தூக்கியதற்குச் சரவணன் இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டான்.

மூன்றாம் நாள், அதே ஒரு கோட்டு சிக்னலில் பேரையூரிலிருந்து புக்கிங் வந்தது. சொந்தக்காரர்கள் வந்து சேருமுன் பெட்டி போய்ச் சேர்ந்தது. எப்படி நடந்தது என்று அண்ணன் கேட்க, விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பந்தலுக்கு மொதல்ல கம்பு ஊனணும், அப்புறம் துணி, சீரியல் பல்பு கடைசி. இதுக்கா ரெண்டு பேரும் அம்புட்டு சண்டை போட்டீக?"

சண்டையில் ஜெயித்தது நான்தான் என்றாலும், சமயநல்லூரில் இப்போது எங்கள் இருவருக்கும் ஒரே பேர்தான்: பொணப்பெட்டி இன்ஜினியர்.