வாசலில் கொட்டிய பை

கோயில் வாசலில் நின்று சிரித்துக்கொண்டு ஆட்களை வரவேற்பதும் ஒரு வேலையா என்று முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்போது கற்பிட்டிப் பக்கம் கடற்கரையில் கருவாடு காயப்போடும் ஒரு வாடியில் வேலை செய்தேன். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன் சிலாபம், இடையில் கொஞ்ச நாள் புத்தளம் உப்பளம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குப் படுக்கக் கிடைத்த இடமெல்லாம் வீடுதான்.

ஈஸ்டர் ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்த பிறகு, வாசலில் பைகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் பங்குச் சுவாமிக்கு அது பிடிக்கவில்லை. "சோதனைச் சாவடி மாதிரி நிக்காதீங்க. முதல்ல வாங்கோ எண்டு சொல்லி சுகம் கேளுங்க. பிறகு பையைப் பாருங்க" என்றார். எனக்குச் சிங்களமும் வாயில் வரும் என்பதால் பை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

அந்த ஞாயிறு பிள்ளைகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்போடு உள்ளே வரிசையில் நின்றார்கள். பூசை தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் தெருவைக் கடந்து வந்தார். எனக்கு அவரைத் தெரியும். வாடிக்கு அடுத்த தெருவில் இடியப்பம் அவித்து விற்பவர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனத்தைத் துரத்தியபோது, பெற்றோரோடு வந்து இங்கேயே தங்கியவர். அவருடைய பக்கத்து வீட்டுக்காரி என்னோடு வாடியில் கருவாடு காயப்போடுகிறவள். அவளுடைய மகளுக்கும் அன்று முதல் நன்மை. தாய் வேலைக்கு வரும் நாளெல்லாம் அந்தப் பிள்ளை இவருடைய மடியில்தான் வளர்ந்தது.

"வாங்கோ" என்று நான் வாயைத் திறக்குமுன், அவர் பையைத் தலைகீழாக மேசையில் கவிழ்த்தார். குடை, வீட்டுத் திறப்பு, மருந்துப் போத்தல், மூடி போட்ட வட்டிலப்பக் கிண்ணம், பூத்தையல் போட்ட வெள்ளைக் கைலேஞ்சித் துணி. சில சாமான்கள் மணலில் உருண்டன.

"நல்லாப் பாருங்க மகன். பிறகு பயந்துகொண்டு இரிக்கப்படாது."

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

நான் கடலில் வள்ளம் கவிழ்ந்து நீந்தியிருக்கிறேன். அப்போதும் கை கால் வேலை செய்தது. இப்போது ஒன்றும் அசையவில்லை.

உள்ளேயிருந்து பிள்ளையின் தாய் ஓடி வந்தாள். "என்ன ராத்தா இது! கோயில் வாசல்ல சந்தை போட்டிருக்கிறீங்களா?"

"பாக்கட்டும் புள்ள. பாத்தா நிம்மதிதானே."

"ஆரு பாக்கிறது? இவனா?" என் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ வந்து ரெண்டு மாசம். உன்ட பைய ஆர் திறந்து பாத்தது? இவங்க முப்பது வருசமா இங்க இருக்கிறாங்க."

ஒருவரும் பார்க்கவில்லை. என் கழுத்தில் கிடந்த செபமாலையே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை.

நானும் மணலில் குந்தி, சாமான்களைப் பொறுக்கிக் கொடுத்தேன். அவர் உள்ளே போகத் தயங்கினார். "நான் வெளிய நிண்டே பாக்கிறன் புள்ள."

"வெளிய நிண்டு பாக்கவா உங்களக் கூப்பிட்டனான்? முன் வரிசை வாங்கில இடம் பிடிச்சு வச்சிருக்கு. உங்களக் காணாம மகள் அழுது மூக்க வடிச்சாளெண்டா அந்தப் புது உடுப்பு நாசம்தான்."

அதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். கைலேஞ்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, பையை மேசையின் ஓரத்தில் வைத்தார்.

"இது இங்கயே கிடக்கட்டும் மகன். உள்ள கொண்டு போனா பக்கத்தில இருக்கிறவங்களுக்குப் பூசையில மனம் நிக்காது."

பிள்ளையின் தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்தது. அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

பிந்தி வந்த ஒரு குடும்பம் அந்தப் பையைக் கண்டு தள்ளி நின்றது. "ஆர்ட பை இது? ஏன் இங்க கிடக்கு?" என்று தகப்பன் கேட்டார்.

"என்ட" என்றேன்.

அவர் என் கழுத்துச் செபமாலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பையை உரசியபடியே உள்ளே போனார்.