இருவர் குரலில் ஒரு ஜெபமாலை

பட்டினப்பாக்கம் குடியிருப்பில் சிங்கராயரின் அம்மா இறந்த அன்று, மூன்றாம் மாடிக்குச் சவப்பெட்டியை எப்படி ஏற்றி இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. படிக்கட்டு அவ்வளவு குறுகல். திருப்பத்தில் ஒரு பீரோவைக்கூடத் திருப்ப முடியாது. மச்சான்மார்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, பங்குக் கோயிலிலிருந்து, துக்க வீடுகளுக்கு உதவும் சூசையப்பர் சபைக்காரர்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் நீலப் பட்டி. தலைவர் அருமைநாதன் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்தார். பெட்டி கீழேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அம்மாவை ஒரு கெட்டிப் போர்வையில் ஏந்தித் தம் ஆட்களோடு இறங்கத் தொடங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும், "அம்மா, இப்ப இடது பக்கம் திரும்புறோம்" என்று உயிரோடு இருப்பவரிடம் சொல்வதுபோல அவரிடமே சொல்லிக்கொண்டு வந்தார். கீழே வந்ததும், கலைந்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க விட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சிங்கராயர் போய்ச் சபையில் சேர்ந்துகொண்டார்.

அவருக்கு மந்தைவெளியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. கை பேசும், வாய் பேசாது என்று கடைத்தெருவில் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ஒரு சொல்லின் முதல் எழுத்தில் நின்றுவிட்டால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும், எதிரில் இருப்பவர் அவசரப்பட்டு அந்தச் சொல்லைத் தாமே சொல்லிவிடுவார். பாதி நேரம் அது தவறான சொல்லாக இருக்கும். அதைத் திருத்துவது இன்னும் பெரிய பாடு என்பதால் சிங்கராயர் தலையாட்டிவிடுவார். கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்ல வந்தவர், கேஸ் தீர்ந்துவிட்டது என்று வாடிக்கையாளர் முடித்துக்கொண்டதற்கும் தலையாட்டியிருக்கிறார். அதனால் கடை போனை எடுப்பது மனைவி பிலோமினாதான்.

சபையில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. துக்க வீட்டுக்கு நாற்காலி கொண்டுபோவார், பந்தல் துணி கட்டுவார், பெட்டி சுமப்பார். சபைக்குச் சொந்தமான ஃப்ரீசர் பாக்ஸ் ஒன்று இருந்தது. அது அவர் பொறுப்பு. இறந்தவர் முகத்துக்கு நேரே கண்ணாடியில் வேர்வை பூக்காதபடி ஏதோ செய்துவைத்திருந்தார். பிள்ளைகள் கடைசியாகப் பார்க்கும் முகம் மங்கலாகத் தெரியக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவரிடம் வராத வேலை ஒன்றுதான். துக்க வீட்டிலும் நோயாளி வீட்டிலும் சபைக்காரர்கள் ஜெபமாலை சொல்வார்கள். ஜெபமாலையில் ஒவ்வொரு மந்திரமும் இரண்டு பாதி. முன்பாதியை ஒருவர் தனியாகச் சொல்ல, பின்பாதியை எல்லாரும் சேர்ந்து சொல்லி முடிக்க வேண்டும். முன்பாதி சொல்வது உறுப்பினர்களுக்கு முறை வைத்து வரும். சிங்கராயரின் முறை வரும்போதெல்லாம் அருமைநாதன் மெல்ல, "ராயர் நாற்காலியப் பார்த்துக்கட்டும், நான் சொல்லிடறேன்" என்று எடுத்துக்கொள்வார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும் குரல். அன்பினால்தான் அப்படிச் செய்தார், சிங்கராயருக்கும் அது தெரியும். அப்பாடா என்றிருக்கும். வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தும்போதுதான் நெஞ்சில் ஏதோ உறுத்தும்.

பின்பாதியில் அவருக்குத் தடையே வராது. கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்லும்போது எங்கிருந்தோ தண்ணீர் திறந்துவிட்டதுபோல் வார்த்தை ஓடும். ஏன் என்று அவருக்கு விளங்கியதில்லை. மாதாவின் தயவு என்று பிலோமினா சொல்வாள்.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், கோயிலில் கஞ்சி ஊற்றும் இடத்தில் நின்றுகொண்டிருந்த அருமைநாதன் கையிலிருந்த கரண்டியை நழுவவிட்டார். குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். பல வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் இல்லை என்றே ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு பேச்சு. எல்லாம் புரிந்தது, ஆனால் சொல்ல வந்தால் ஒரே சொல்தான் வந்தது. "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், ஃபேனைப் போடச் சொன்னாலும் அதான், அழுகை வந்தாலும் அதான்.

சபைக்காரர்கள் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்த அவர் வீட்டுக்குக் கூட்டமாகப் போனார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், காபியா, பாத்ரூமா, டிவியா என்று அடுக்கினார்கள். அவர் முகம் சிவந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நாளில் வருகை குறைந்தது. பாசம் இல்லாமல் இல்லை. அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்கத் தாளவில்லை.

மாதக் கூட்டத்தில் செயலாளர் பொன்ராஜ், வாரந்தோறும் தலைவரைப் போய்ப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றார். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர், ஆடித் தள்ளுபடி வியாபாரம் நெருங்கிவிட்டதால் தம்மால் முடியாது என்று வருத்தப்பட்டுச் சொன்னார். சிங்கராயர் கையைத் தூக்கினார்.

முதல் நாள் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எதுவும் பேசவில்லை. அருமைநாதனும் பேசவில்லை. நேரம் போயிற்று. பிறகு அருமைநாதன் இடது கையைத் தூக்கி, "அதான்" என்றார். சிங்கராயர் எதையும் ஊகித்துச் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். சொல் வராமல் தவிப்பவனை அவசரப்படுத்தினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருமைநாதன் கை மெல்லத் தாடைக்குப் போயிற்று. முள்ளு முள்ளாக வளர்ந்திருந்த தாடியைத் தடவிக் காட்டியது. சிங்கராயர் எழுந்து வெந்நீர் வாங்கிவந்து, சோப்பு நுரை குழைத்து, கோணிப்போயிருந்த வாயோரத்தில் தோல் சுருங்காதபடி விரலால் இழுத்துப் பிடித்து மழித்துவிட்டார்.

வாரம் ஒருமுறை என்றிருந்தது, நாளாவட்டத்தில் கடை அடைத்து மதியம் சாப்பிடும் இடைவேளையெல்லாம் ஆயிற்று. அருமைநாதனின் மனைவி ரெஜினா ஒருநாள் வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

"மத்தவங்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிறார் தம்பி. நீங்க வர்ற நேரமானா மட்டும் கதவையே பார்த்துட்டு இருக்கார். உள்ள என்னதான் பேசிக்கிறீங்க?"

சிங்கராயர் சிரித்தார். "ஒண்ணும் பே... பே... பேசிக்கிறதில்லக்கா. அதான் அவருக்குப் புடிச்சிகீது போல."

அக்டோபர், ஜெபமாலை மாதம். ஒருநாள் அருமைநாதன் வீட்டில் சபையார் வந்து ஜெபம் சொல்வதாக ஏற்பாடு. காலையிலிருந்து மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். யாராலும் வர முடியவில்லை என்று பொன்ராஜ் போன் செய்தார். சிங்கராயர் மட்டும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்திருந்தார். ரெஜினா மேசையில் மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, ஜெபமாலையை அவர் கையில் கொடுத்தார். மாத்திரை தீர்ந்துவிட்டது, மழை விட்ட நேரத்தில் முனைக்கடைக்குப் போய் வந்துவிடுகிறேன், அதற்குள் நீங்கள் தொடங்குங்கள் என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். முடியாது என்று சொல்லவும் சிங்கராயருக்கு வாய் வரவில்லை.

அவர் கட்டிலருகே உட்கார்ந்தார். முதல் மணியைப் பிடித்துக்கொண்டு, "அ..." என்று தொடங்கினார். அருள் நிறைந்த என்பதன் அகரத்திலேயே நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடி நின்றது. கண்ணை மூடி, கழுத்து இறுகி, மூச்சு முட்டி, நெற்றியில் வேர்த்துவிட்டது. இத்தனை வருடம் அவர் பயந்த இடம் இதுதான். நல்லவேளை, ஒரே ஓர் ஆள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணைத் திறந்தபோது அருமைநாதன் முகத்தில் பரிதாபம் இல்லை. எடுத்துக் கொடுக்கும் அவசரமும் இல்லை. காத்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய உதடு அசைந்தது. அதான் என்று சொல்லப்போகிறார் என்று சிங்கராயர் நினைத்தார்.

"பிரியதத்தத்தினாலே..."

கரகரப்பான, உடைந்த குரல். ஆனால் சொல் முழுசாக வந்தது. அது 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தின் பழைய வடிவம். இப்போது கோயிலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அருமைநாதன் சிறு பிள்ளையாக இருந்தபோது சொன்னது. சிங்கராயரின் அம்மா கடைசி வரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான். சிங்கராயருக்கு யோசிக்க நேரமில்லை. "பூரண மரியாயே" என்று தாமும் சேர்ந்துகொண்டார். அந்த நொடியே தொண்டைக்குள் இறுகியிருந்தது அவிழ்ந்தது. ஒருவர் குரலைப் பிடித்துக்கொண்டு மற்றவர் நடந்தார். முன்பாதியும் இருவரும், பின்பாதியும் இருவரும். ஒரு மந்திரம் முடிந்ததும் அடுத்ததை நிறுத்தாமல் தொடங்கினார்கள், நிறுத்தினால் போய்விடுமோ என்ற பயம் போல.

ரெஜினா திரும்பி வந்தபோது படிக்கட்டிலேயே குரல் கேட்டிருக்கிறது. ஈரக் குடையோடு வாசலில் நின்றுவிட்டார். அவர்கள் முடித்த பிறகுதான் உள்ளே வந்தார். கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

அருமைநாதன், "அதான்" என்றார். மூன்று பேரும் சிரித்து, மூன்று பேரும் அழுதார்கள்.

அடுத்த முறை அருமைநாதனைச் சிங்கராயரும் சேர்ந்து பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனபோது, பயிற்சி தரும் மஹதி என்ற பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. புதிதாக யோசித்துப் பேசுவது மூளையில் ஓர் இடம், சின்ன வயதில் மனப்பாடமானது பெரும்பாலும் வேறோர் இடம் என்று விளக்கினாள். சிங்கராயரைப் பார்த்து, கூடச் சேர்ந்து ஒரு குரல் வந்தால் திக்கு விலகுவதும் பலருக்கு உண்டு என்றாள். இத்தனை நாள் விளங்காதது அப்படி விளங்கியது. வீட்டில் வந்து சொன்னபோது, அப்படியும் இருக்கட்டும், மாதாவின் தயவாகவும் இருக்கட்டும் என்றாள் பிலோமினா.

பேச்சு பெரிதாகத் திரும்பிவிடவில்லை. சில சொற்கள் வந்தன. "ரெஜி" என்று கூப்பிட வந்தது. ஆனால் ஜெபமாலை தினமும் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா இறந்தபோது, சபையார் அருமைநாதனைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப் போனார்கள். முறை யாருடையது என்று பொன்ராஜ் கேட்டார். என்னுடையது என்று சிங்கராயர் கையைத் தூக்கினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முன்பாதியைச் சேர்ந்தே சொன்னார்கள். இறந்தவரின் மகள், ஏன் ரெண்டு பேர் சொல்றாங்க என்று பொன்ராஜிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க சபையில அப்படித்தாம்மா" என்றார் பொன்ராஜ்.

இந்த வருடம் கோடையில் அருமைநாதனுக்கு இன்னொரு முறை பக்கவாதம் வந்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை. இறந்த அன்று காலை சிங்கராயர்தான் அவருக்கு முகம் மழித்தார். ஃப்ரீசர் பாக்ஸில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வீடு நிறைய ஜனம். பங்குச் சாமியார் வருவதற்குள் ஜெபமாலை சொல்லிவிடலாம் என்றார்கள். பொன்ராஜ் தயங்கி, தாமே சொல்வதாக ஜெபமாலையை எடுத்தார்.

"ராயர் தம்பி சொல்லட்டும்" என்றார் ரெஜினா.

பக்கத்தில் இன்னொரு குரல் இல்லை. சிங்கராயர் தொடங்கினார். நின்றது. மறுபடி தொடங்கினார். முன்பாதியை முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. யாரோ ஒருவர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறக்க, ரெஜினா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். அதன் பிறகு ஒருவரும் அவசரப்படவில்லை. அவர் எங்கெங்கே நின்றாரோ, அங்கெல்லாம் அந்த அறை முழுதும் அவரோடு நின்றது. அவர் முடித்ததும் எல்லாரும் பின்பாதியைச் சொன்னார்கள், பிறகு அடுத்த மணிக்காகக் காத்திருந்தார்கள்.

சாமியார் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். ஜெபமாலை இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. நேரமாகிறதா என்று பொன்ராஜ் கண்ணால் கேட்டார். இல்லை என்று தலையசைத்து, சாமியார் தரையில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.