பவளமக்கா தேடிய நல்ல மெசின்

பவளமக்கா காலமான செய்தியை அவருடைய தம்பி சிறி எனக்குச் சொன்னான். நான் சுவிஸில், லோசான் நகர மெட்ரோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். "மலரக்கா, அக்கா விடியப் போயிட்டா" என்றான். அதற்குப் பிறகும் இருவருமே தொலைபேசியை வைக்கவில்லை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன் என்பது கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது.

இறுதிச் சடங்கு மண்டபம் நிறைந்திருந்தது. பேசியவர்கள் அவரைக் கோயிலுக்கு ஓடி ஓடி உழைத்தவர் என்றார்கள், எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர் என்றார்கள். அத்தனையும் உண்மை. காசினோ என்ற சொல்லை மேடையில் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. அதை வாசலில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றவர்கள் எடுத்தார்கள். "பாவம், காசினோக்காரனே உள்ளுக்கு வராதை எண்டு தடை போட்ட மனுசியல்லோ" என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. செத்தவீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடப்போவதில்லை. அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று சிறியே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

நானும் பவளமக்காவும் வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் பல வருடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று துணி மடித்தவர்கள். அவர் ஓய்வு பெற்ற காலத்தில்தான் சிறியின் விஷயம் வெளியே வந்தது. உணவகத்தில் சமையல்காரன், நல்ல கை. ஏரிக்கரையில் இருக்கும் காசினோவில் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தான். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சூரிச்சுக்குப் போய்விட்டாள். சிறி அக்காவின் வீட்டுக்கு ஒரு சூட்கேசுடன் வந்து சேர்ந்தான். அவனைத் திட்டாத ஆள் அப்போது எங்கள் ஆட்களில் இல்லை. பவளமக்கா மட்டும் திட்டவில்லை. "அதுக்குள்ள அப்பிடி என்னதான் இருக்கெண்டு ஒருக்காப் பாக்கவேணும், வாறியோ?" என்று என்னைக் கேட்டார்.

போனோம். வாசலில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அக்கா பச்சைச் சேலையில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விசா நேர்முகத்துக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். சுழலும் படங்களும் சத்தமுமாக இருந்த மெசின்களை அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மூலையில் சீட்டு மெசின்கள் இருந்தன. ஐந்து சீட்டு திரையில் வரும்; வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம். வீடியோ போக்கர் என்று அதற்குப் பெயர். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. சிவராத்திரிக்குக் கண்விழித்து ஆடும் முந்நூற்றிநாலுச் சீட்டாட்டத்தில் அவரை வென்றவர் கிடையாது, உங்களுக்குத் தெரியும்.

அந்த முந்நூற்றிநாலுதான் காலை வாரியது. நமது ஆட்டத்தில் ஜாக்குத்தான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் எடுபிடிகள். அக்கா ஒரு சோடி ராசாவைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு ஜாக்கையும் ஒரு ஒன்பதையும் பத்திரமாக வைத்துக்கொண்டார். மெசின் ஒன்றும் தரவில்லை. மறுபடியும் ராசாவை எறிந்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார முதியவர் பொறுக்கமாட்டாமல், "மடாம், ஏன் அரசரைத் துரத்துகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, "எங்கட ஊரில அவருக்கு மதிப்பில்லை" என்று பிரெஞ்சிலேயே சொன்னார். அந்த மனிதர் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அவரிடம் இருந்துதான் அக்கா மெசின் பார்க்கப் பழகினார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் எந்தச் சீட்டுக்கு எவ்வளவு தருவேன் என்று ஒவ்வொன்றும் தன் திரையிலேயே பட்டியல் போட்டு வைத்திருக்கும். மூன்று ஒரே சீட்டும் ஒரு சோடியும் சேர்ந்து வந்தால் ஒரு மெசின் போட்ட காசுக்கு ஒன்பது மடங்கு தரும். பக்கத்தில் இருப்பது எட்டுத்தான் தரும். ஐந்தும் ஒரே இனமாக வந்தால் ஒன்றில் ஆறு, மற்றதில் ஐந்து. ஒன்பதும் ஆறும் எழுதியிருப்பதுதான் நல்ல மெசின். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடையில் பால் பெட்டியின் திகதி பார்ப்பது போல, குனிந்து குனிந்து வரிசை முழுவதையும் வாசிப்பார். நல்ல மெசினில் ஆள் இருந்தால் வேறொன்றில் இருக்கமாட்டார். கோப்பி குடிப்பார், ஏரியைப் பார்ப்பார், வீட்டுக்கு வருவார். "முகத்தில எழுதி வைச்சிருக்கிறதை வாசிக்காமல் போய்க் குந்தினால் அது ஆரின்ர பிழை?" என்பார்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அவருக்கு அது பிடித்திருந்தது. தம்பிக்காகத்தான் போகிறேன் என்று தொடங்கியவர், பிறகு தனக்காகவும் போனார். வியாழக்கிழமை மத்தியானங்களில், கொண்டுபோன சின்னத் தொகை முடிந்தால் எழும்பிவிடுவார். ஊரில் இருந்து வந்த நாள்முதல் துணியும் இஸ்திரிப்பெட்டியுமாக இருந்த மனுசி, தனக்கென்று வைத்திருந்த ஒரே பொழுதுபோக்கு அது. அவர் அந்தச் சீட்டுகளுக்கு முன்னால் இருந்தபோது இருந்த சந்தோஷத்தை நான் கோயிலிலும் பார்த்ததில்லை.

சிறி காசினோ மண்டபத்தில் எங்களை முதன்முதல் கண்டபோது ஓடப் பார்த்தான். அக்கா விடவில்லை. அவன் ஆடுவது சத்தம் போடும் மெசின்களில். ஆட உட்காரும் முன்பு சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தைத் தொடுவது போல மெசினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவான். "டேய், அது உன்ர புத்தகம் இல்லை, கையை எடு" என்று சொல்லி, அவனைத் தன் மெசினுக்குக் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தினார். ஒரு மத்தியானம் முழுவதும் தான் ஆடுவதைப் பார்க்கச் சொன்னார். ஒரு சீட்டைக்கூட அவர் பிழையாக எறியவில்லை. முடிவில் கொண்டுவந்ததில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"பாத்தனியோ? இதுதான் இஞ்ச இருக்கிறதுக்குள்ள நல்லது. பிழைவிடாமல் ஆடினாலும் இது கொஞ்சம் கொஞ்சமாப் பிடிச்சுக்கொண்டுதான் விடும். நல்லதே இப்பிடியெண்டால், நீ தொட்டுக் கும்பிடுற அதுகள் உனக்கு என்ன தரப்போகுது?"

 ரயிலில் வரும்போது சிறி சொன்னான். "எனக்கு விளங்குதக்கா. ஆனால் விடேலாமல் கிடக்கு."

இந்த நாட்டில் ஒருவர் தானாகவே போய்த் தடை கேட்கலாம். ஓர் இடத்தில் கேட்டால் நாட்டில் உள்ள எந்தக் காசினோவும் உள்ளே விடாது. அக்கா அதைச் சொன்னதும் சிறி மாட்டேன் என்று தலையை ஆட்டினான். குடும்பமும் போய், இனி சூதாடி என்று பதிவும் விழவேண்டுமா, தடை கேட்கும் அறைக்குள் தனியாகப் போய் இருக்கத் தன்னால் முடியாது என்றான். நாள் போனது. அவன் மெலிந்துகொண்டே போனான். ஒருநாள் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றதாக அவன் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். அதற்கு அடுத்த நாள் காலை அவர் எனக்கு அழைத்து, "வெளிக்கிடு, மூண்டு பேரும் போறம்" என்றார்.

காசினோவின் அந்த அறையில் ஓர் இளம் பெண் இருந்தாள். மரியாதையான பிள்ளை. சிறி தலைகுனிந்து இருந்தான். அக்காதான் முதலில் பேசினார். "எங்கள் இரண்டு பேருக்கும் தடை வேண்டும்." நானும் திகைத்துப்போனேன், அவனும் திகைத்துப்போனான். அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "மடாம், உங்களுக்கும் விளையாட்டால் பிரச்சினையா?" என்று மெல்லக் கேட்டாள். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "வீ" என்றார். ஆம் என்ற அந்த ஒரு சொல்லோடு அவருடைய வியாழக்கிழமைகள் முடிந்தன. சிறி தமக்கையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து இருந்து தன் பெயரைச் சொன்னான்.

கதை எப்படிப் பரவியது என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். சலவைப் பகுதியில் ஒருவரின் பிரியாவிடை விருந்தை காசினோக் கட்டடத்தில் உள்ள உணவகத்தில் வைத்தார்கள். உணவகத்துக்குத் தனிக் கதவு என்று நினைத்து அக்கா வந்துவிட்டார். வாசலில் அட்டையைப் பார்த்தவர்கள் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பின்னால் எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் படியிறங்கினார். அடுத்த கிழமை கோயிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுவோம் என்று நான் குதித்தேன். "சும்மா இரு மலர். என்னைப் பற்றிக் கதைச்சு முடிக்கவே அவைக்கு நேரம் காணாது. அவனைக் கதைக்க எங்க நேரம்?" என்றார். பிறகொரு காலம், சிறி தேறிவிட்டான், நீங்கள் உங்கள் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்கலாமே என்றேன். "நான் உள்ளுக்குப் போனால் அவன் வெளியில தனிய நிப்பான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருக்கு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். அது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மரக்கறிச் சமையல் முழுவதும் சிறியே செய்தான். சூரிச்சில் இருந்து அவன் பிள்ளைகள் இருவரும் வந்திருந்தார்கள். இதை எழுதப்போகிறேன் என்றதும் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா சூதே ஆடேல்லை எண்டு எழுதிப்போடாதேங்கோ. ஆடினவ. நல்லா ஆடினவ. எனக்காக விட்டவ எண்டு எழுதுங்கோ. என்ர பேரையும் போடுங்கோ."

போட்டுவிட்டேன். தவறிப்போகிற ஒருவனை நல்வழிப்படுத்த மேலே நின்று கை நீட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இறங்கிப்போய் அவன் பக்கத்தில் நின்றவர் பவளமக்கா. அவரிடம் இருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். அன்று சிறியின் மகள் தகப்பனிடம் இன்னொரு அகப்பை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.