காட்டில் எரிந்த கற்பூரம்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் என் உடன்பிறந்தவர் அல்லர். லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டிய குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். நான் அடுத்த ஊரான பாடாங் செராய்க்காரன். ராணுவத்தில் நான் சேர்ந்த பிரிவில் இருந்த ஒரே தமிழர் அவர்தான். அன்று முதல் அவர் எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி.

எல்லைக் காட்டில் நாங்கள் ரோந்து போன நாட்கள் இப்போதும் எனக்குக் கனவில் நடந்தவை போலத்தான் இருக்கின்றன. காலைப் பனியில் மரங்களுக்கு உச்சி இருக்காது. முன்னால் அண்ணனின் முதுகு மட்டும் தெரியும். பேச்சே கிடையாது, எல்லாம் கைச்சாடை. கையை மூடிக் காட்டினால் நில் என்று பொருள். வாரக்கணக்கில் அப்படிப் போனால் நடப்பது நாமா காடா என்றே மயங்கிவிடும். "இங்க வந்தாதான் தம்பி மனசு அடங்குது" என்பார் அண்ணன்.

காட்டுக்குள் சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. வாசனை காட்டிக் கொடுத்துவிடும். இது எனக்கும் தெரியும். ஆனால் அன்று தைப்பூசம். நான் வருடம் தவறாமல் காவடி எடுக்கும் வீட்டுப் பிள்ளை, ராணுவத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அம்மா கொடுத்தனுப்பிய கற்பூரத்தில் ஒரு கட்டியை மரத்தடியில் ஏற்றிக் கும்பிட்டேன். அரை நிமிடம்கூட எரிந்திருக்காது. ஆனால் வாசனை பரவிவிட்டதால், நான்கு நாளாகப் பதுங்கியிருந்த இடத்தை விட்டு எல்லோரும் கிளம்ப வேண்டியதாயிற்று.

யார் செய்தது என்று அதிகாரி கேட்டார். கற்பூரம் ஏற்றக்கூடியவர்கள் நாங்கள் இருவர்தான். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் ஓரடி முன்னால் வந்து, "சாயா, துவான்" என்றார். நான்தான் ஐயா என்று மலாயில் சொல்லிப் பழியை ஏற்றுக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் அவர் கை மூடியிருந்தது. நான் நின்றுவிட்டேன்.

அந்த மாதம் வரவேண்டிய சார்ஜன்ட் பதவி அவருக்கு வரவில்லை. பிறகும் வரவேயில்லை. "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்று அழுதேன்.

"நீ புது ஆளுலா. உன்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. எனக்கு சட்டைக் கையில ஒரு பட்டைதான போச்சு. இத யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இருபத்தொரு ஆண்டு சேவை முடித்து அவர் கார்ப்பரலாக ஓய்வு பெற்றார். பிறகு நான் சார்ஜன்டாக வெளியே வந்தேன். அவர் தொழிற்சாலைக் காவலாளியாக நின்று இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். செமிலிங்கில் நடந்த மகள் திருமணத்தில் உறவினர் ஒருவர், "இத்தன வருஷமா கார்ப்பரல்தானா? என்ன தப்பு பண்ணீங்களோ" என்று கிண்டல் செய்தார். "அவங்ககிட்ட பட்டை தீந்துபோச்சுலா" என்று அண்ணன் சிரித்தார். மகன் தலை குனிந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். அதைவிட வெட்கம் கெட்ட செயல் என் வாழ்வில் இல்லை.

கடைசி நாட்களில், சத்தியத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்க மருத்துவமனைக்குப் போனேன். அவர் பாதி உறக்கத்தில் இருந்தார். "மெதுவா வா தம்பி, ஆத்துல தண்ணி ஏறுது" என்றார். அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. கேட்காமலே திரும்பிவிட்டேன்.

இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு மகன் வந்த பிறகுதான் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அண்ணன் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவருக்குக் குடுத்த சத்தியம் அவரோட போச்சு தம்பி. எம்மவன் தலை குனிஞ்சது போதும். எழுதுங்க" என்றார்.

அண்ணனை இறுதிவரை கவனித்த தாதியருக்கும், தோள் கொடுத்த பழைய தோழர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய லூனாஸ் மக்களுக்கும் என் நன்றி. பிள்ளைகளே, அந்தக் கற்பூரத்தை ஏற்றியவன் நான். உங்கள் அப்பா என்ன தப்பு செய்தார் என்று இனி யாராவது கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள். பாடாங் செராயிலிருந்து உடனே வந்துவிடுகிறேன்.