கோரையை அறுக்க வேண்டாம் என்றவர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாட்கள் அவை. கள்ளக்குறிச்சிக்கு ஐந்து நாளாகப் பஸ் இல்லை. கடப்பாரையோடு நடக்கிற எவரையும் நான் நம்பவில்லை. தோளில் கடப்பாரையோடு அவர் எங்கள் ஏரிக்கரையில் வருவதைப் பார்த்ததும், கரையை உடைக்க வந்தவர் என்றே நினைத்தேன்.

எலி பிடிக்கிறவர் அவர். மெலிந்த உடம்பு, முழங்கால் வரை சேறு. வளை கண்ட இடத்தில் குனிந்து, மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பார். அன்று பதினான்கு வளைகளை முகர்ந்தார்.

ஏரியோரம் என் வயலை ஒட்டிக் கோரை மண்டியிருந்தது. எலி அங்கிருந்துதான் வருமென்று, அதை அறுக்க ஆள் சொல்லியிருந்தேன். முக்கால் ஏக்கர் நெல் பால் பிடித்திருந்த சமயம்.

"அறுக்காதீங்க சார். கோரக்கெழங்கு, நண்டு, நத்தைன்னு அங்கியே துண்ணுக்கினு கெடக்குது. வூட்டக் கலைச்சீங்கன்னா நேரா உங்க நெல்லுக்குத்தான் வரும்."

"எவ்வளவு தூரம் வரும்?"

"முப்பதடி. வவுறு ரொம்பினா திரும்பிடும்."

"நீ அளந்து பார்த்தியா?"

"எலி அளந்து வெச்சிக்கீது சார்" என்று சிரித்தார்.

கோரை இருந்தால் அவருக்குத்தானே எலி கிடைக்கும் என்று சந்தேகப்பட்டு, பாதியை அறுக்கச் சொன்னேன். பத்தே நாளில் அறுத்த பக்கம் கதிர்கள் போயின. வரப்பிலிருந்து சேதம் முடிந்த இடம் வரை அடி வைத்து அளந்தேன், முப்பத்தோரடி. மறுபக்கம் ஒரு கதிரும் குறையவில்லை.

அடுத்த வருடம் கோரையில் கைவைக்கவில்லை. ஆனாலும் அவ்வளவு துல்லியமாக எப்படிச் சொன்னார் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் ஏரிக்குள் இறங்கியபோது, நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு எனக்காக மெதுவாக நடந்தார்.