சட்டம் வருவதற்குள்

டெல்லியில் ஒரு சட்டம் வரப்போகிறது, இனி அனுமதி இல்லாமல் யாரும் போர்வெல் போட முடியாது என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அதோடு எங்கள் தெருவின் தூக்கம் போயிற்று. அதுவரை வயலுக்கு ஆற்றுத் தண்ணீர், வீட்டுக்குத் தெருமுனைக் கைபம்பு என்று இருந்தவர்கள்தான். அப்பா துபாயிலிருந்த அண்ணனுக்குப் போன் போட்டு, "சட்டம் வர்றதுக்குள்ள போட்டுடணும்டா, ஒடனே பணம் அனுப்பு" என்று கத்தினார்.

திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரி வந்து வீடு வீடாகத் துளைத்தது. எங்கள் முறை வரும்வரை என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் தெருவுக்கும் அலைந்தேன். எங்களுக்குப் போட்டு முடித்த பிறகும், அடுத்த வீட்டுக்காரர் நம்மைவிட ஆழமாகப் போய்விட்டாரே என்ற எரிச்சல் வேறு.

மறுவருஷம் மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. எல்லார் வீட்டு மோட்டாரும் பகலெல்லாம் ஓடியது. அடுத்த கோடை முடிவதற்குள் எங்கள் குழாய் வெறும் காற்றைக் கக்கியது. அம்மா குடத்தோடு கைபம்புக்குப் போனாள், அதிலும் காற்றுதான்.

திரும்பி வந்தவள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள்: "அந்தச் சட்டம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

காலிக் குடத்தை என் முன்னால் ணங்கென்று வைத்தாள். "இனிமே வந்து எதைக் காப்பாத்தப் போவுதாம்?"